சாக்பீஸ் அம்புகள்

செப்டம்பர் 9, திங்கள்

காலை வணக்கக் கூட்டம் முடிந்து எட்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவனைத் தலைமையாசிரியை நிறுத்தினார். "தணிகாசலம் சார், ஒரு நல்ல விஷயம்" என்றார். இருபத்திரண்டு வருட வேலையில், நல்ல விஷயம் என்று இவர்கள் ஆரம்பித்த எதுவும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை. இந்த முறை மழைநீர் விழிப்புணர்வு. தெருவில் விழும் மழை எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் வழியாகத் தெருக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். அதுவும் ஐப்பசி மழை பிடிப்பதற்குள்.

ஏன் நான் என்று கேட்டேன். "அறிவியல் வாத்தியார், இந்த ஏரியாவிலேயே குடியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாத சந்து உண்டா?" என்றார். ஒத்துக்கொண்டேன்.

நாள்தோறும் குறிப்பேடு எழுதி, கடைசியில் ஒப்படைக்கவும் வேண்டுமாம். அந்த நோட்டில் "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று எழுதிக்கொள்கிறேன். மனதில் பட்டதை எழுத இது இன்னொரு நோட்டு. சுகுணா கண்ணில் பட்டாலும் கவலையில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு என் கையெழுத்து புரிந்ததில்லை.

செப்டம்பர் 14, சனி

ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும், ஆனால் விஷயம் தெரிந்தவள். கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர் சுத்தம் செய்யும் இடத்துக்குப் போகிறது. வடிகாலில் விழுவது எந்தச் சுத்தமும் ஆகாமல் நேரே ஏரிக்குப் போகிறது. நாம் வடிகாலில் வீசும் டீ கப்பும் அப்படியே போகிறது. இத்தனை நாள் இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை அங்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு, ஜனங்கள் வடிகாலின் வாயை எப்படியெல்லாம் அடைக்கிறார்கள் என்று திரையில் படம் காட்டினாள். கோணி, கடப்பாக் கல், குப்பை. வாசலில் கார் ஏறப் போடும் சாய்தளத்தின் படம் வந்தபோது டீயும் வந்தது. நான் எழுந்து டீ எடுக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

முதல் வகுப்பு. நான் கண்டுபிடித்த முறை செலவில்லாதது. ஆளுக்கு அரை பாட்டில் தண்ணீர், ஒரு சாக்பீஸ். தரையில் கொஞ்சம் ஊற்ற வேண்டும், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அம்பு போட வேண்டும். பள்ளி மைதானத்தில் முப்பத்தொரு பிள்ளைகளும் ஊற்றி, அரை மணி நேரத்தில் தரை முழுக்க நீல அம்பு. மண் இருந்த இடத்தில் மட்டும் அம்பு போட முடியவில்லை, தண்ணீரை மண் குடித்துவிட்டது. "அப்போ மழையில ஓடுறது மொத்தமும் நாம சிமென்ட் போட்டதால ஓடுற தண்ணியா சார்?" என்று கேட்டாள் ஜெனிஃபர். பாடப் புத்தகத்தில் இதை இரண்டு பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

நல்ல பிள்ளை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் கேள்வி கேட்கிற ரகம்.

செப்டம்பர் 21, சனி

பிள்ளைகளோடு தாங்கல் தெருவுக்குப் போனேன். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரி போய்ப் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. எங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு இறங்கி முடிகிற இடத்தில் இந்தத் தெரு ஆரம்பிக்கிறது. சுற்றியுள்ள நான்கு தெருவின் அம்புகளும் இங்கேதான் வந்து முட்டுகின்றன.

ஜெனிஃபரின் வீடு இங்கேதான். அவள் அம்மா எஸ்தர்தான் எங்கள் வீட்டுக்கு இட்லி மாவு கொடுப்பவர். முன்னறையில் பெரிய கிரைண்டர், இரண்டு செங்கல் உயரத்தில். அதற்கு மேல் தூக்கி வைத்தால் அரிசி போடக் கை எட்டாது. "வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சுவரில் பென்சில் கோடுகள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறிய உயரம். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். போன வருடக் கோடு செங்கல் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே.

"இந்தச் செங்கல்லைத் தாண்டுச்சுன்னா மோட்டார் போயிடும் சார். மோட்டார் போனா அப்புறம் எங்களுக்கு வேற என்ன இருக்கு" என்றார், சாதாரணமாகத்தான். கணவர் இல்லை. மாவுதான் வீட்டை நடத்துகிறது.

முதல் கோடு எட்டு வருடத்துக்கு முந்தியது. அதற்கு முன் என்று கேட்டேன். "அதுக்கு முன்னாடி உள்ள வந்ததே இல்ல சார்." எட்டு வருடத்தில் வீடுகள் பெருகிவிட்டன, மண் தரை குறைந்துவிட்டது, அதுதான் காரணம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 28, சனி

இன்று நான்கு தெருக்களில் மூன்றை முடித்தோம். மீதி எங்கள் தெரு. அங்கே நாய்த் தொல்லை அதிகம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். "எந்த நாய் சார்?" என்று கேட்டான் ஒருவன். "நாங்களே போய்ப் பாத்துக்கறோம் சார், டெய்லி அந்த வழியாத்தானே வரோம்" என்றாள் ஜெனிஃபர். சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

காரைக் கழுவினேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

அக்டோபர் 5, சனி

வரைபடம் முடிந்துவிட்டது. நான்கு சார்ட் அட்டைகளை ஒட்டி, தெருவெல்லாம் வரைந்து, நீல அம்புகள். அடைபட்ட வடிகால் வாய்களுக்குச் சிவப்பு வட்டம். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதியிருக்கிறார்கள்: கோணி, கட்டட மணல், கறிக்கடைக் கழிவு. தலைமையாசிரியை அசந்துபோனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவின் அம்பு மேலேயிருந்து வரிசையாக இறங்கி, பதிமூன்றாம் எண் வீட்டோடு நிற்கிறது. பிறகு தாங்கல் தெரு முனையில் மறுபடி ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு வீட்டு அளவு வெற்றிடம். அட்டைகளை ஒட்டிய இடம், பசை பட்டு அழிந்திருக்கும்.

எங்கள் வீட்டு எண் பதினான்கு.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

வேறெந்த ஊரிலாவது இந்தக் கூத்து உண்டா தெரியவில்லை. மழை பிடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து ஊர் முழுக்கப் பூசணிக்காய் உடைக்கிறோம், வண்டிக்கு இரண்டு வாழைக்கன்று கட்டுகிறோம். மறுநாள் எல்லாவற்றையும் கூட்டி வடிகால் வாயில் தள்ளுகிறோம். அப்புறம் தண்ணீர் போகவில்லை என்கிறோம்.

பிள்ளைகள் ஐந்து பேரோடு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். ஸ்டாண்டுத் தலைவர் துளசிங்கம் தாங்கல் தெருக்காரர். பூசணியும் கன்றும் வடிகாலில் போகக் கூடாது, ஓரமாகக் குவித்தால் குப்பை வண்டி எடுத்துக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன். பழக்க தோஷம்.

அவர் கேட்டுக்கொண்டார். "எடுத்துடறோம் சார். பூசணிக்காய்தானே, எடுத்துடலாம்" என்றார். பிறகு துணியால் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கான்கிரீட்டுன்னாதான் சார் எடுக்க முடியாது" என்றார்.

பொதுவாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஜெனிஃபர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

நல்ல மழை. பள்ளி விடுமுறை. எங்கள் வாசலில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. மாவு வாங்கப் போன சுகுணா புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியபடி திரும்பி வந்தாள். "எஸ்தர் வீட்டுப் படி முங்கிடுச்சுங்க. இன்னும் ஒரு மணி நேரம் பேஞ்சிருந்தா உள்ள வந்திருக்கும்." நல்லவேளை விட்டுவிட்டது.

அக்டோபர் 19, சனி

வார்டுக் கூட்டம். சமுதாயக் கூடத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஜெனிஃபர் கையில் குச்சியோடு விளக்கினாள். குரல் முதலில் நடுங்கி, பிறகு நிமிர்ந்துவிட்டது. சிவப்பு வட்டம் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி யார், எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். கறிக்கடைக்காரர் எழுந்து, நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார். மணல் கொட்டியவரும் ஒத்துக்கொண்டார். ஒரு எட்டாம் வகுப்புப் பெண் சொல்லி இவ்வளவு பேர் தலையாட்டுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம், "அந்த இடத்துல அம்பு ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது சார் வீடு சார்" என்றாள்.

"அதனால?"

"தண்ணி ஊத்திப் பாத்தோம் சார். உங்க ரேம்ப் வரைக்கும் வந்து, முட்டி, திரும்பி எங்க தெருவுக்கு இறங்குது. அடியில வடிகால் வாய் இருக்குன்னு துளசிங்கம் மாமா சொன்னாரு. எல்லாரும் பேசி, போட வேணாம்னு விட்டுட்டோம்." சுருட்டிய அட்டைக்கு ரப்பர் பேண்ட் போட்டாள். "கூட்டத்துல சாரை யாராச்சும் ஏதாவது சொல்லிட்டா நல்லாருக்காது சார்."

பொன்னாடை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

கார் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. வீட்டுக் கேட் தெருவைவிட ஒன்றரை அடி உயரம், கார் ஏறச் சாய்தளம் தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் வடிகாலின் வாய் இருந்தது. எங்கள் தெருவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே வாய்கள். கீழே இருந்தது இதுதான். கொத்தனார் கேட்டார், "சார், தண்ணி போற வாய் இருக்கே, பைப் விட்டு மேல போடட்டுமா?" கரப்பான்பூச்சி அதிலிருந்துதான் வருகிறது, அடைத்துவிடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். நானே ஒரு சிமென்ட் மூட்டையை உள்ளே தள்ளிக் கொடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, காரை ஏற்றினோம். அந்த வருட மழையில் எங்கள் வாசல் காய்ந்தே இருந்தது. கொத்தனாரிடம் நல்ல வேலை என்று சொன்னேன். தண்ணீர் எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை. அறிவியல் வாத்தியார்.

எஸ்தர் வீட்டுச் சுவரில் முதல் கோடு எட்டு வருடத்துக்கு முந்தியது.

இடித்துவிடலாம். ஆனால் தீபாவளிக்கு முன் எந்தக் கொத்தனாரும் வரமாட்டார். மழை நேரத்தில் கான்கிரீட்டில் கைவைத்தால் வாசலே சேறாகும். காரை எங்கே நிறுத்துவது என்றும் யோசிக்க வேண்டும். தை பிறந்ததும் முதல் வேலையாக முடித்துவிடுகிறேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

சுகுணா சாய்தளத்தில் வழக்கம்போல் பெரிய கலர்க் கோலம். இந்த முறை ஊதாப் பூக்கள். சாயங்காலத் தூறலில் மொத்தமும் கரைந்து ஓடிவிட்டது. இரண்டு மணி நேர வேலை, எங்கே போயிற்றோ என்று புலம்பினாள்.

நவம்பர் 12, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து விடாத மழை. பள்ளி இல்லை. மாடி வராந்தாவில் நின்று பார்த்தேன். தெரு முழுக்கத் தண்ணீர் சுருண்டு இறங்குகிறது. பிள்ளைகள் சொன்ன வழி அப்படியே. சாய்தளத்தில் முட்டுகிறது, திரும்புகிறது, கீழே போகிறது.

சுகுணா காபி கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "எஸ்தருக்குப் போன் போட்டேன். எடுக்கலை" என்றாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "தினமும் அது மேலதாங்க கோலம் போடறேன். அடியில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியும்" என்றாள்.

நவம்பர் 13, புதன்

மழை கொஞ்சம் விட்டதும் தாங்கல் தெருவுக்குப் போனேன். எஸ்தர் வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. செங்கல் தெரியவில்லை. கிரைண்டர் பாதி முங்கி நின்றது. நேற்றைக்கு அரைக்க ஊறவைத்த ஒரு அண்டா உளுந்தில் சாக்கடை கலந்துவிட்டது. ஜெனிஃபர் பரண்மேல் உட்கார்ந்து, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் சார் இந்தத் தண்ணில வந்தீங்க" என்றார் எஸ்தர். மோட்டார் என்று ஆரம்பித்தேன். "காய வச்சுப் பாக்கணும் சார். ஓடினாலும் ஓடும்." ஓடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்ல வந்தது வேறு. பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். எங்கள் வீட்டுத் தரை காய்ந்திருந்தது. இவ்வளவு அசிங்கமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

நவம்பர் 14, வியாழன்

காலை ஏழு மணிக்குக் காரைத் தெருவில் இறக்கிவிட்டு, துளசிங்கத்திடம் கடப்பாறை கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. கடப்பாறையோடு ஒரு சம்மட்டியும் எடுத்துக்கொண்டு அவரே வந்தார். "சாக்பீஸ் புடிச்ச கை, கொப்புளம் போட்டுடும் சார், நகருங்க" என்றார். நகரவில்லை. மாற்றி மாற்றி இடித்தோம். தூறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் வந்து நின்றார்கள். கறிக்கடைக்காரரும் நின்றார். வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை.

பதினொரு மணி வாக்கில் அந்த மூட்டை தெரிந்தது. கல்லாகிக் கிடந்தது. நான்கு பேர் சேர்ந்து நெம்பி வெளியே இழுத்ததும், தெருத் தண்ணீர் ஒரு நிமிடம் தயங்கி, பிறகு மடமடவென்று உள்ளே இறங்கியது. கீழே போய்க்கொண்டிருந்த ஓட்டம் மெலிந்து, நின்றேவிட்டது. ஒரே ஒரு வாய். எட்டு வருடம்.

சத்தம் கேட்டு எஸ்தர் தெரு முனைக்கு வந்திருந்தார். போய் நின்றேன். "எஸ்தர், இதை அடைச்சது நான்தான். உங்க வீட்டுக்குத் தண்ணி வந்தது என்னாலதான்" என்றேன். இரண்டு வாக்கியம். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"தெரியும் சார்" என்றார்.

ஜெனிஃபர் சொன்னாளா என்று கேட்டேன்.

"அவ சொல்லி என்ன சார். வருஷா வருஷம் தீபாவளிக்கு அக்கா போடற கலர்க் கோலப்பொடி, மழை பேஞ்சா எங்க வாசல்லதான் வந்து நிக்கும். போன வருஷம் பச்சை. இந்த வருஷம் ஊதா. தெருவுக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பார்க்காமல், தண்ணீர் இறங்குகிற இடத்தைப் பார்த்தார். "எங்க புள்ளைங்கல்லாம் உங்ககிட்டதானே சார் படிக்குதுங்க."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் வந்து அழுதேன். சுகுணா பார்த்தாள்.

நவம்பர் 16, சனி

கிரைண்டர் மோட்டாரைத் துளசிங்கத்தின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் செப்புக்கம்பி காயிலைப் புதிதாகக் கட்டக் கொடுத்தேன். நான்கு நாள் ஆகுமாம். அதுவரை அரைக்க எங்கள் வீட்டுச் சின்ன கிரைண்டரைச் சுகுணா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆளையும் காணோம். இருவரும் மாற்றி மாற்றி அரைக்கிறார்களாம். மத்தியானம் எனக்கு நேற்று வைத்த ரசம்.

கார் தெருவில் நிற்கிறது. ஒரு நாய் அடியில் படுத்திருக்கிறது. நாய்த் தொல்லை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

பள்ளி திறந்தது. வரைபடத்தை வகுப்புக் கரும்பலகைமேல் மாட்டச் சொன்னேன். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "ஒரு வீடு விட்டுப்போச்சு" என்று நீலப் பேனாவையும் சிவப்புப் பேனாவையும் ஜெனிஃபரிடம் நீட்டினேன்.

அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு யோசித்தாள். பதினான்காம் எண்ணுக்கு நேராகச் சிவப்பு வட்டம் போட்டாள். பதிமூன்றில் நின்றிருந்த நீல அம்பை இழுத்து வந்து, வட்டத்துக்குள் இறக்கினாள். கீழே தாங்கல் தெரு முனையில் மறுபடி ஆரம்பித்த அம்பின்மேல் ஒரு பெருக்கல் குறி.

"காரணம் எழுதணும் சார். யாரு அடைச்சதுன்னு. நம்பர் மட்டும் போடவா?"

"பேரே போடு."

எழுத ஆரம்பித்து, பாதியில் திரும்பினாள். "பேருக்குப் பின்னாடி சார்னு போடலாமா சார்?"

உன் இஷ்டம் என்றேன். போட்டாள்.

ஒப்படைக்கும் நோட்டில் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். "மாணவர்கள் ஆர்வத்துடன்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தலைமையாசிரியையிடம் நாளைக்கு இந்த நோட்டைத்தான் கொடுக்கப் போகிறேன். கையெழுத்து புரியவில்லை என்றால் நானே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.